மூன்றாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

லுவாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அறுபது வயதைத் தாண்டியும் அப்படித்தான். தேநீர்க் கிளாஸைக் கையில் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். மீதியைக் குடித்துவிட்டுப் போய் அதே ஜன்னலைத் திறப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் புருஷன் மோஹா சொல்வான். ஹனோயிலிருந்து மொராக்கோ வரைக்கும் அவளை இழுத்து வந்தவன் அவன். அந்தச் சக்கரத்தைக் கட்டிவிட்டது யார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவான்.

மோஹா போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. கெனிஃப்ராவுக்கு மேலே மலைக்குள் இருக்கும் அவன் ஊரில் இனி எதற்கு ஒற்றையாய்க் கிடக்க வேண்டும் என்று மகள் ஸுபைதா வந்து அழைத்துப்போனாள். ஸுபைதா என்று பள்ளிக்கூடத்திலும் ரேஷன் சீட்டிலும் பேர். அம்மாவுக்கு அவள் 'நா'. சித்தி யஹ்யா என்கிற சமவெளி ஊரில், நாவின் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே லுவா பீரோவை மூன்று தடவை இடம் மாற்றினாள். மருமகன் வாய் திறக்கவில்லை, நல்ல மனிதன்.

சித்தி யஹ்யாவுக்கு வந்ததில் லுவாவுக்கு ஒரு பெரிய லாபம். இங்கே அவளைப் போல இன்னும் ஆறேழு வியட்நாம் பெண்கள் இருந்தார்கள். எல்லோர் கதையும் ஒரே கதைதான். பிரெஞ்சுக்காரனுக்காகச் சண்டை போடப் போய், பாதியில் துப்பாக்கியோடு வியட்நாம் பக்கம் தாவிய மொராக்கோ சிப்பாய்களைக் கட்டிக்கொண்டவர்கள். ஹனோய்க்குப் பக்கத்தில் பா வி மலையடிவாரத்து மாட்டுப் பண்ணையில் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். எழுபத்திரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக விமானம் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். மற்றவர்கள் இந்தச் சமவெளியிலேயே பக்கத்துப் பக்கத்தில் தங்கிவிட்டார்கள். மோஹா மட்டும், எங்கம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று மலைக்குப் போய்விட்டான். அதனால் இருபத்தைந்து வருஷம் அந்த மலையில் லுவா ஒருத்திதான் சீனாக்காரி. சீனா வேறு வியட்நாம் வேறு என்று முதல் இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

இங்கே வந்ததும் அவளுக்குக் கிடைத்த பெரிய சொத்து மியென் அக்கா. அறுபத்தாறு வயது, இரண்டு தெரு தள்ளி வீடு, வாய் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். முதல் நாள் பேச உட்கார்ந்தபோது லுவாவுக்குச் சொந்த மொழியே தட்டியது. கொத்தமல்லிக்குப் பேர் வரவில்லை, மூங்கில் குருத்துக்கு வரவில்லை. மியென் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஆடு மேய்க்கிறவன் பேசுகிற மாதிரி பேசுகிறாய் என்றாள். லுவாவுக்கு அவமானமாகவும் இருந்தது, அந்தச் சிரிப்பை விட்டு எழுந்திருக்க மனசும் இல்லை. அன்றைக்கு முழு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மகள் நாவுக்கே ஆச்சரியம்.

இனி லுவாவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவளுக்குச் சோறு வைப்பதைப் பற்றித்தான்.

அம்மா எழுபதாம் வருஷம் இறந்தாள். நிலாக் கணக்கில் மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் நாள். பண்ணை வீட்டுக் கொல்லையில் மலைவேம்பு கடைசிப் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. சவப்பெட்டி மேல் விழுந்த ஊதாப் பூவை மோஹா கையால் ஒதுக்கப் போனான், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். லுவாவின் ஒரே அண்ணன் தெற்கே சண்டைக்குப் போனவன். அவனுக்காகக் காகிதம் வந்தது, ஆள் வரவில்லை. ஆகவே அம்மாவுக்கு வருஷாவருஷம் சாப்பாடு வைக்க உலகத்தில் லுவாவைத் தவிர வேறு ஆள் கிடையாது.

செத்தவர்கள் செத்த நாளன்று வீடு தேடி வருவார்கள். சோறும் முழுசாக வேகவைத்த கோழியும் வைத்து ஊதுபத்தி ஏற்ற வேண்டும். ஊதுபத்தி எரிந்து முடியும் வரைக்கும் அவர்கள் சாப்பிடும் நேரம். அதற்கப்புறம்தான் உயிரோடு இருப்பவர்கள் தட்டில் கை வைக்கலாம். வைக்க ஆள் இல்லாதவர்கள் வாசல் வாசலாக அலைவார்கள். லுவா நமாஸும் செய்வாள், நோன்பும் பிடிப்பாள். அதெல்லாம் எவ்வளவு நம்பிக்கையோடு என்று கேட்டால் மழுப்புவாள். ஆனால் அம்மா பசியோடு வருவாள் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்: "மேற்கே போறேம்மா. ரொம்ப தூரம். வழி பாத்து பின்னாலயே வந்துடு."

வந்த மாதமே ஒரு நல்லது நடந்தது. மலை ஊரில் இவள் போய் இறங்கிய சில வாரத்தில் அவர்களுடைய முஸ்லிம் புது வருஷம் பிறந்தது. அதுவும் நிலாக் கணக்குத்தான், இவளுடைய புது வருஷம் பிறந்த அதே பிறையில். லுவாவுக்குப் பாதி உயிர் வந்தது. மொழி தெரியாது, சாப்பாடு தெரியாது, மாமியார் முகத்தில் சிரிப்பே கிடையாது. ஆனால் நிலாவை எண்ணுகிற ஊர். கையில் காலண்டர் இல்லாவிட்டால் என்ன, பள்ளிவாசலில் மாதம் சொல்கிறார்களே. அவர்களுடைய முதல் மாதம் என்னுடைய முதல் மாதம், அவர்களுடைய மூன்றாம் மாதம் என்னுடைய மூன்றாம் மாதம் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் பன்னிரண்டு வந்தது. அன்றைக்கு அவர்களுக்கு மீலாது, நபி பிறந்த நாள். ஊரே தேனும் வெண்ணெயும் ஊற்றி ரவைக் களி கிண்டிக்கொண்டிருந்தது. லுவா ஒரு கோழியை முழுசாக வேகவைத்தாள், வாரச்சந்தையில் வாங்கிப் பதுக்கியிருந்த அரிசியைப் பொங்கினாள், பரண் மேல் கோதுமைக் குதிருக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துச் சாம்பிராணி போட்டாள். கீழே மாமியார் மோப்பம் பிடித்து, சீனாக்காரிக்கும் பக்தி இருக்கிறதே என்று முதல் தடவையாக நல்ல வார்த்தை சொன்னாள். நல்ல நாளாகப் பார்த்துத்தான் அம்மா செத்திருக்கிறாள் என்று லுவாவுக்குப் பெருமை.

நாலாவது வருஷத்திலிருந்து ஏதோ இடித்தது. மூன்றாம் மாதம் குளிரில் வந்தது. இன்னும் சில வருஷம் கழித்துப் பனியில் வந்தது, அதற்கப்புறம் ஆலிவ் பறிக்கும்போது, பிறகு அத்திப்பழக் காலத்தில். வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் பின்னாலேயே நழுவிக்கொண்டு போனது. பா வியில் மூன்றாம் மாதம் என்றால் தூறல், சேறு, மலைவேம்புப் பூ வாசனை. அதைப் பார்த்தே மாதம் சொல்லலாம். ஒரு நாள் கோவேறு கழுதையின் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்த மோஹாவிடம் கேட்டாள்.

"நம்ம பக்கம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசத்த ரெண்டு தடவையா எண்ணுவாங்களே, இங்க எப்ப எண்ணுவாங்க?"

மோஹா தலையைத் தூக்கவில்லை. "அங்க இருக்குறதும் இதே நிலாதான், லுவா. அது எங்க போயிடப் போகுது?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டு, தப்பு என்று தெரிந்தால் சரியான நாளை யார் சொல்வார்கள்? அந்த மலையில் இவளுக்குத் தெரியாதது வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. நாள் ஒன்று கையில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் சுனைக்குப் போகும் வழியில் ஒரு மலைவேம்பு நின்றது. ஏப்ரல் கடைசியில் அது பூக்கும். பூத்ததும் லுவாவுக்கு உடம்பில் ஏதோ ஊர ஆரம்பிக்கும். துவைத்த கம்பளியைத் திரும்பத் துவைப்பாள். ஒரு குடம் தண்ணீருக்கு நாலு நடை நடப்பாள். இந்த ஊர் மரத்துக்கு மாசமே தெரியவில்லை என்று திட்டுவாள். இருபது வருஷத்துக்கு மேல் அவள் அந்த மரத்தைத் திட்டினாள்.

இந்த வருஷம் மீலாது ஜூலை பதினெட்டில் வந்தது. சித்தி யஹ்யாவில் முதல் தடவையாகப் பரணில் ஒளித்து வைக்காமல், கூடத்தில் மேஜை போட்டு அம்மாவுக்குச் சாப்பாடு வைக்கப்போகிறாள். இந்தச் சமவெளியில் நெல் விளைகிறது, அரிசிக்குப் பஞ்சமில்லை. மியென் அக்காவிடம் உண்மையான ஊதுபத்திக் கட்டு இருந்தது, மீன் சாறு ஒரு புட்டி இருந்தது. காலையில் கோழியை அடுப்பில் ஏற்றிவிட்டு, நாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மியெனை அழைக்க லுவா வேகவேகமாகப் போனாள். மத்தியானம் எங்கம்மாவுக்குத் திதி, வந்துவிடுங்கள் என்றாள்.

மியென் பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். எந்த நாளில் செத்தாள் என்று கேட்டாள். லுவா சொன்னாள். மியென் உடைத்த பீன்ஸைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, ஆறாம் மாசத்துல வந்து மூணாம் மாசத்துத் திதிக்குக் கூப்பிடுற?"

அடுப்படிச் சுவரில் கிழிக்கிற காலண்டர் தொங்கியது. பாரிஸில் இருக்கும் தம்பி மகன் வருஷாவருஷம் அனுப்புவான். தாளில் பெரிய எழுத்தில் சூரியத் தேதி, அடியில் சின்ன எழுத்தில் நிலாத் தேதி. சின்ன எழுத்தில் பதினான்கு, ஆறு என்று போட்டிருந்தது. லுவா அதைக் கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். அச்சுப் பிழை என்றாள். மியென் நாளைய தாளைத் தூக்கிக் காட்டினாள். அடுத்த நாள் தாளையும் காட்டினாள்.

மியென் கெட்டவள் இல்லை. ஒரு கணக்கு கிடைத்தால் அதைப் போட்டு முடிக்காமல் அவளால் இருக்க முடியாது, அவ்வளவுதான். விரலை மடக்கினாள். எழுபத்தி நாலில் நாலாம் மாதம் இரண்டு தடவை வந்தது, தன் கடைக்குட்டி அந்த இரண்டாவதில்தான் பிறந்தான். ஆகவே அந்த வருஷம் வரைக்கும் லுவாவின் கணக்கு சரி. இங்கே எந்த மாதத்தையும் இரண்டு தடவை எண்ணுவதே கிடையாது, அதனால் எழுபத்தி ஐந்திலிருந்து தப்பு.

"மூணு வருஷம் சரி, இருபத்தி மூணு வருஷம் தப்பு," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாவம், உங்கம்மா வந்து வந்து பாத்துட்டுப் போயிருப்பா. இந்த வருஷமும் ஏப்ரல்லயே வந்துட்டுப் போயிட்டாளே."

லுவா வீடு திரும்பியபோது கோழி வெந்து முடிந்திருந்தது. மேஜை மேல் விரித்த வெள்ளைத் துணியை மடித்துவைத்தாள். ஊதுபத்தி ஏற்றவில்லை. மருமகன் மீலாது வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்தான், எல்லோரும் கோழியைச் சாப்பிட்டார்கள். வெறும் கோழி. லுவா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனாள். இருபத்து மூன்று தடவை, சரியான நாளில், அம்மா வந்திருக்கிறாள். மலை ஏறி, முன்பின் தெரியாத ஊரில் வீட்டைத் தேடிப் பிடித்து, பரணைப் பார்த்திருக்கிறாள். அங்கே கோதுமைக் குதிர் இருந்திருக்கிறது. மகள் சுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்திருக்கிறாள், மரத்தைத் திட்டிக்கொண்டு.

நா பின்னாலேயே வந்து தோளைத் தொட்டாள். "நீ தெரிஞ்சா பண்ணின? அது பாட்டிக்குத் தெரியாதாம்மா?"

"பசிக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றாள் லுவா.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அந்த வீட்டில் ஒரு சாமான் இருந்த இடத்தில் இருக்கவில்லை. லுவா யூகலிப்டஸ் தோப்பு வரைக்கும் நடந்தாள், ரயில் பாதை வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்து பாத்திரம் தேய்த்தாள். துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவளுக்குக் கோபம். கோபத்துக்கு ஆள் மோஹா. யோசிக்க யோசிக்கத் தெளிவாகிக்கொண்டே வந்தது. நோன்பு மாதம் கோடையிலும் வரும், குளிரிலும் வரும் என்று தொட்டில் குழந்தைக்குத் தெரிந்த ஊரில் பிறந்தவன். பா வியில் இருபது வருஷம் இருந்தவன். இரண்டு கணக்கும் தெரிந்தவன் அந்த மலையில் அவன் ஒருவன்தான். தெரிந்தே சேணத்தைத் தைத்துக்கொண்டு நிலா ஒன்றுதான் என்று சொன்னான். தான் சந்தேகப்பட்டுக் கேட்காமல் விட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வந்ததும் மோஹா மேல் கோபம் இன்னும் கூடியது. அம்மா அவனை மருமகன் என்று கூடச் சொன்னதில்லை, பெரியவனே என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கே இதைச் செய்தானே. செத்தவனோடு எப்படிச் சண்டை போடுவது?

பத்தாம் நாள் பஸ் ஏறிவிட்டாள். எதற்கு என்று நா கேட்டதற்கு, கம்பளி ஒன்றை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றாள். ஜூலை வெயிலில் யாருக்குக் கம்பளி வேண்டும் என்று மகள் கேட்கவில்லை.

மலை ஊரில் மோஹாவின் தங்கை இத்தோ இருந்தாள். அவளும் புருஷனை இழந்தவள். மாமியார் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே லுவாவுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே துணை அவள்தான். துணை என்றால் கொஞ்சுகிற துணை இல்லை, குத்திப் பேசிக்கொண்டே கூட நிற்கிற துணை. லுவா வாசலில் நின்றதும், அதற்குள் மகள் துரத்திவிட்டாளா என்றுதான் கேட்டாள். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். லுவா உட்காரவில்லை. அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மாவின் நாள், மீலாது, காலண்டர், இருபத்து மூன்று வருஷம், உன் அண்ணன் எனக்குச் செய்த துரோகம்.

இத்தோ ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். துரோகமோ என்னமோ, பண்டிகை நாளில் நீ பரண் மேல் ஏறுவது எங்களுக்கெல்லாம் தெரியும் என்றாள். சாம்பிராணிக்குக் கால் முளைத்துப் பரணுக்குப் போகுமா?

"எங்கம்மாவ உனக்குத் தெரியும்ல அண்ணி," என்றாள். "பண்டிகையன்னைக்கு நீ கோழி வேகவெச்சா, என் மருமகளுக்குப் பக்தியப் பாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அதையே வேற ஒரு நாள்ல, காரணமில்லாம புகை போட்டிருந்தா, சூனியக்காரின்னு அன்னைக்கே வெளிய தள்ளியிருப்பா. அண்ணனுக்கு அது தெரியாதா?"

லுவா நடப்பதை நிறுத்தவில்லை. மாமியார் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறதே, அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்றாள். அத்தனை வருஷம் பொய் சொன்னவன் எந்த வாயோடு சொல்வான் என்றாள் இத்தோ. கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, சொன்னாள்.

அந்தச் சுனை வழி மரம் பூத்தால் போதும், அண்ணனுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும் என்றாள். நேரே இங்கே வந்து நிற்பான். ஏழு ரொட்டி சுட்டுக் கொடு என்பான். லுவாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வான். அதை எடுத்துப் போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, வழியில் போகிறவர்கள், வருகிறவர்கள், கழுதை ஓட்டுகிறவர்கள், யாராக இருந்தாலும் கையில் கொடுத்துவிட்டு வருவான். வருஷம் தவறியதில்லை. போன வருஷம் மூச்சு வாங்க வாங்கக் கூடப் போனான்.

"யாரு பேருக்குண்ணே இந்தத் தர்மம்னு ஒரு நாள் கேட்டேன். மாமியாருக்குங்கிறான். இந்த மலையில மாமியாருக்காகத் தர்மம் பண்ணின ஒரே ஆம்பள எங்க அண்ணன்தான். நாங்க எவ்வளவு சிரிச்சிருக்கோம் தெரியுமா?"

லுவா நின்றுவிட்டாள்.

"அதுலயும் கண்டிஷன் வேற," என்றாள் இத்தோ. "மெத்துனு சுடு, மெத்துனு சுடுன்னு உசுர வாங்குவான். மேல கொஞ்சம் மொறுமொறுன்னு ஆயிட்டாக் கூட இது வேணாம், வேற சுடும்பான். ஏண்ணே, வழியில போறவனுக்கெல்லாம் பல்லு இல்லையான்னு கேப்பேன். அவங்களுக்கு இல்லம்பான். அம்புட்டுத்தான் சொல்லுவான்."

அம்மாவுக்குக் கடைசி ஆறு வருஷம் ஒரு பல் கூடக் கிடையாது. அந்தக் காலத்து வியட்நாம் வழக்கப்படி கருப்பு மை பூசி வைத்திருந்த பற்கள், ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சோற்றைக் குழைய வடித்துப் பிசைந்து கொடுக்க வேண்டும். பண்ணையிலிருந்து வந்ததும் மோஹாதான் பிசைவான், தன் பெரிய கையால், மாட்டுக்குத் தவிடு பிசைகிற மாதிரி என்று லுவா கேலி செய்வாள். இது இத்தோவுக்குத் தெரிய வழியே இல்லை. லுவா யாரிடமும் சொன்னதில்லை.

லுவா அடுப்பங்கரையில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எங்கம்மா ரொட்டியக் கண்ணால பாத்தது கூடக் கிடையாது, இத்தோ," என்றாள்.

"அதுக்கு நான் என்ன பண்ணுறது? அவனுக்குத் தெரிஞ்சத அவன் போட்டான்," என்று இத்தோ சூடாக ஒரு ரொட்டியை அவள் மடியில் வைத்தாள்.

திரும்பும் வழியில் மோஹாவின் கல்லறைக்குப் போனாள். பஸ்ஸில் வரும்போது திட்டுவதற்கென்று வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை. திட்ட ஆரம்பித்தால் ரொட்டி குறுக்கே வந்தது. ரொட்டியை நினைத்து அழலாம் என்றால் பொய் குறுக்கே வந்தது. இருபது வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவனிடம் ஒரே ஒரு வார்த்தைக்கு வாய் இல்லாமல் போயிற்றே. வாயை மூடிக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறான். இவளோ அதே நாட்களில் அதே வழியில் குடத்தோடு நாலு நடை நடந்திருக்கிறாள். எப்படி ஒரு தடவை கூடக் கண்ணில் படவில்லை? பார்த்துப் பார்த்து, இவள் போன பிறகுதான் வந்திருப்பான். இந்த வருஷம் ஏப்ரலில் அவனும் இல்லை, இவளும் இல்லை. மரம் பூத்திருக்கும், ஒரு துண்டு ரொட்டி கூட யாரும் வைக்கவில்லை. அதுதான் அவளை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

அந்தக் குளிர்காலம் எப்படிப் போயிற்று என்று நாவைத்தான் கேட்க வேண்டும். லுவா மியெனிடம் புது வருஷக் காலண்டரை ஜனவரியிலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்றாம் நிலா மாதம் மார்ச் கடைசியில் பிறந்தது. பன்னிரண்டாம் நாள் ஏப்ரல் எட்டு. அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைத்தாள். மடித்த இடம் கிழிந்துபோகும் அளவுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தாள். தெருக்கோடியில் தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு மலைவேம்பு நின்றது. ஏப்ரல் பிறந்ததும் தினமும் காலையும் மாலையும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். நாலாம் தேதி ஊதாவாக ஒரு கொத்து வெடித்தது. மரத்துக்கு மாசம் நன்றாகவே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது யாருக்கு என்று அதன் அடியில் நின்று வெட்கப்பட்டாள்.

எட்டாம் தேதி மத்தியானம் கூடத்தில் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்தாள். முழுக் கோழி, சோறு குழைய வடித்தது, மீன் சாறு ஒரு சின்னக் கிண்ணத்தில், மியென் வீட்டுத் தோட்டத்துக் கீரை. அம்மாவின் படம் கிடையாது, ஒரு நாளும் எடுத்ததில்லை. அதற்குப் பதிலாக ஒரு கொத்து மலைவேம்புப் பூ. எல்லாம் சரியாக வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். ஒரு துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரொட்டி. விடியற்காலையில் மூன்று தடவை சுட்டு, மூன்றாவதுதான் மெத்தென்று வந்தது.

சாப்பிட வந்த மியென் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "திதிச் சாப்பாட்டுல ரொட்டியா? எந்த ஊர் வழக்கம்டி இது?"

"இருபது வருஷத்துக்கு மேல ரொட்டியே தின்னுக்கிட்டு இருந்தவ," என்றாள் லுவா. "இன்னைக்குத் திடீர்னு வந்து எங்கடி என் ரொட்டின்னு கேட்டா நான் எங்க போவேன்?"

மியெனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். லுவா ஊதுபத்தி ஏற்றினாள். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஊதுபத்தி எரிந்து முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் லுவா மூன்று தடவை எழுந்து போய், ரொட்டி காய்ந்துவிடவில்லையே என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.